டிரங்குப் பெட்டிக்குள் என்ன இருக்கும்? தொடக்கப் பள்ளியில் படைவீரர் நினைவுப் போட்டி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை இந்தப் போட்டியை நடத்தியபோது 'நமது ராணுவம்' என்று மொட்டையாக ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வந்த படங்களில் பாதிக்கு மேல் டாங்கி. மீதியில் துப்பாக்கி, சிவப்பு கிரேயானில் வழிய வழிய ரத்தம், மூலையில் ஒரு தேசியக் கொடி. முதல் பரிசு வாங்கிய படம் அழகாகத்தான் இருந்தது. மேடையில் அந்தப் பையனிடம் "இதுல இருக்கிறவர் யாருப்பா?" என்று மைக்கை நீட்டினேன். "தெரியாது மிஸ், அம்மாதான் வரைஞ்சாங்க" என்றான். கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிப் போனது.

பையன் மேல் தப்பில்லை. தலைப்பில் ஒரு ஆளே இல்லை. அவன் யாரை வரைவான்? அதற்கு அப்புறம் சென்னையில் வேறு வேறு பள்ளிகளில் பல தடவை நடத்திவிட்டேன். போரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மனிதரைக் குழந்தையின் முன் நிறுத்தினால், மற்றதை அதுவே பார்த்துக்கொள்கிறது. இதை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் சொல்கிறேன். பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதினாலும், குடியிருப்புச் சங்கத்தில் நடத்த நினைப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. நாள் குறிப்பது

காரணம் சொல்ல நாட்கள் நிறையவே உண்டு. சென்னையின் காலண்டரோடு ஒத்துப்போகிறவைதான் குறைவு. ஜனவரி 15 ராணுவ தினம். 1949-ல் அன்றுதான் கரியப்பா தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். ஆனால் அது பொங்கலில் மாட்டிக்கொள்ளும், பள்ளி பூட்டியிருக்கும். அக்டோபர் 8 விமானப்படை தினம். காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை என்று முன்னும் பின்னும் இழுக்கும். டிசம்பர் 4 கடற்படை தினம், டிசம்பர் 7 படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் கொடிநாள். இரண்டும் அருமையான நாட்கள், ஆனால் மழை.

டிசம்பர் 7-ஐ விட மனமில்லை என்றால் (1949 முதல் கடைப்பிடிக்கப்படும் நாள், எனக்கும் அதுதான் பிடிக்கும்) இப்படிச் செய்யுங்கள். போட்டியை நவம்பர் கடைசி வாரத்திலேயே வைத்து, பரிசளிப்பை மட்டும் 7-ஆம் தேதி வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு இரண்டு மாற்றுத் தேதிகளைச் சுற்றறிக்கையிலேயே போட்டுவிடுங்கள், ஏனென்றால் மழை விடுமுறை விடிந்த பிறகுதான் தெரியவரும். அந்த மாதத்தில் வாட்டர் கலர் வேண்டவே வேண்டாம். ஒரு வருடம் காயாத படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, மறுநாள் பிரிக்கும்போது மூன்று படம் ஒரே படமாக வந்தது. அரையாண்டுத் தேர்வு வேறு கழுத்துக்கு மேல் நிற்கும்.

முதல் முறை நடத்துபவர்களுக்கு ஜூலை 26-ஐச் சொல்வேன். 1999 கார்கில் போரின் வெற்றி தினம். பள்ளி திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், பெரிய தேர்வு எதுவும் பக்கத்தில் இருக்காது. ஐந்து வாரம் முன்னால் ஆரம்பித்தால் போதும்.

2. தலைப்பு

நேரத்தில் பாதியை இதற்கே செலவிடலாம், தப்பில்லை. நல்ல தலைப்பு குழந்தைக்குக் கண்ணில் தெரிய வேண்டும், கையால் தொடக்கூடிய பொருள் ஒன்று அதில் இருக்க வேண்டும். 'தியாகம்', 'தேசபக்தி' இரண்டையும் ஏழு வயதுக் குழந்தையால் வரைய முடியாது. பெரியவர்களாலேயே முடியாது.

எனக்கு இதுவரை கைகொடுத்த தலைப்புகளில் முதல் இடம் டிரங்குப் பெட்டிக்கு. படைவீரர் லீவில் சென்ட்ரலில் வந்து இறங்கும்போது கையில் இருக்குமே, கறுப்பு இரும்புப் பெட்டி, மேலே வெள்ளை பெயின்ட்டில் பெயரும் எண்ணும் பதவியும் எழுதியது. 'அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும்?' அவ்வளவுதான் கேள்வி. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உள்ளே ஒரு முறுக்கு டின், ஒரு கம்பளி, ஒரு பல்செட் வரைந்தாள். பல்செட் எதற்கு என்று கேட்டால், "அவரு வயசானவரு மிஸ்" என்றாள். அவள் தாத்தா ஓய்வு பெற்ற ராணுவக்காரர். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, 'வெள்ளத்தில் வந்த படகு'. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முப்படையும் சென்னைக்கு வந்தது. விமான நிலையம் தண்ணீரில் மூழ்கி மூடிக் கிடந்தபோது, அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளத்திலிருந்து பயணிகள் விமானம் பறந்தது. இன்றைக்குத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்க மாட்டார்கள் அல்லது கைக்குழந்தை. அதனால் வீட்டில் கேட்டுத்தான் வர வேண்டும். முடிச்சூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டைப் பக்கத்துப் பெற்றோரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். படைவீரர் என்றால் சண்டை போடுகிறவர் மட்டுமில்லை என்று நாம் தனியாகப் பாடம் நடத்த வேண்டிய வேலை மிச்சம்.

மூன்றாவது கடிதம். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு. சியாச்சினில் இருப்பவருக்கு ஒரு கடிதம். அங்கே சில காவல் நிலைகள் 20,000 அடிக்கும் மேலே இருக்கின்றன, குளிர் மைனஸ் நாற்பதுக்குக் கீழேயும் போகும் என்று சொல்லுங்கள். அப்புறம் முகவரி ரகசியத்தைச் சொல்லுங்கள். படைவீரர் முகவரியில் அவர் இருக்கும் ஊர்ப் பெயரே இருக்காது. பெயர், எண், படைப்பிரிவு, கடைசியில் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்றிருக்கும் (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்). கடிதம் மட்டும் சரியாகப் போய்ச் சேரும். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும் பாருங்கள், பத்து கட்டுரைத் தலைப்பு கொடுத்தாலும் அது வராது.

தவிர்க்க வேண்டியவை: எதிரி நாட்டின் பெயர் வரும் தலைப்பு, 'பழிக்குப் பழி' வாசனை அடிக்கும் தலைப்பு, 'நான் ராணுவத்தில் சேர்ந்தால்'. கடைசியில் சொன்னது கெட்ட தலைப்பு இல்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள், வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து.

குறிப்பிட்ட ஒரு வீரரைப் பற்றித்தான் வேண்டும் என்றால் சென்னையோடு தொடர்புள்ளவர்களை எடுங்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் சென்னையில் வளர்ந்தவர். 2014 ஏப்ரலில் காஷ்மீரில் உயிர் நீத்து, பின்பு அசோக சக்ரா வழங்கப்பட்டவர். ஒரே சிக்கல், அவரைப் பற்றிய சினிமாவைப் பார்த்த பிள்ளைகள் நடிகரைத்தான் வரைவார்கள். முதலிலேயே அவருடைய நிஜப் புகைப்படத்தைக் காட்டிவிடுங்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலிருந்து அதிகாரியானவர், போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர். 2023-ல் அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயரைச் சூட்டியபோது அவர் பெயரிலும் ஒரு தீவு வந்தது. தீவு என்றால் பிள்ளைகள் விடமாட்டார்கள், வரைபடத்தில் தேடுவார்கள். ஆனால் அவர் உயிரிழந்தது 1987-ல் இலங்கையில், இந்திய அமைதிப்படையில் இருந்தபோது. அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் வேறு கதை கேட்டு வளரும் குழந்தை சென்னை வகுப்பறையில் நிச்சயம் இருக்கலாம். தொடக்கப் பள்ளிக்கு அந்த மனிதரின் தைரியம் போதும், அந்தப் போரின் நியாயத்தை விவாதிக்க இது இடமில்லை.

3. பிரிவுகள்

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஓவியம் மட்டும். ஏ4 தாள், கிரேயான், 45 நிமிடம். மூன்றாம் வகுப்புக்கு வாழ்த்து அட்டை: முன்பக்கம் படம், உள்ளே மூன்று வரி. நான்கு, ஐந்தாம் வகுப்புக்குக் கடிதம் அல்லது பெரிய ஓவியம், ஏதாவது ஒன்று. எழுதத் தடுமாறும் குழந்தை படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். தமிழ், ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தி பேசும் வீட்டுக் குழந்தை இந்தியில் எழுதினால் வாசிக்க ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். படைக்குடும்பங்கள் அதிகமுள்ள ஆவடி, தாம்பரம், பரங்கிமலைப் பக்கம் இது கட்டாயம் வரும்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னொன்றும் வைக்கலாம்: களிமண்ணில் நடுகல். இது என் செல்லப் பிரிவு, கொஞ்சம் அளந்துகொள்கிறேன். வீரருக்குக் கல் நட்டு, உருவம் செதுக்கி, பேரும் செய்ததும் எழுதி வைத்த வழக்கம் நம்முடையது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, ஒரு சனிக்கிழமை கூட்டிப் போய்விடலாம். செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவன் நாயும் இருக்கும். நாயின் பெயர் கோவிவன்; இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவலாக நின்றதாம். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் இன்றைக்கும் தெரிகிறது என்று சொன்னபோது, கடைசி பெஞ்சு வரை வாயைப் பிளந்தது.

செய்முறை எளிது. கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்கிறவர்களிடம் பிசைந்த களிமண் கேட்டால் கிடைக்கும். சதுர்த்தி நெருங்கினால் அவர்களுக்குக் கை ஒழியாது, ஜூலை தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு கைப்பிடி. அதைப் பரீட்சை அட்டையின் மேல் தட்டையாகத் தட்டி, ஐஸ் குச்சியால் கோடு கிழித்து உருவம் வரைய வேண்டும், கீழே பெயர். விரல் தடிமனுக்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும். நிழலில் நான்கு நாள் காய விடுங்கள். மழைக்காலத்தில் முயற்சி செய்யாதீர்கள்.

4. படைவீரரை வகுப்புக்கு அழைப்பது

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் இதை முடித்துவிட வேண்டும். ஆள் எங்கே கிடைப்பார்? பெரும்பாலும் உங்கள் பள்ளிக்குள்ளேயே. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன், ஏதோ ஒரு குழந்தையின் தாத்தா, பக்கத்து வங்கிக் காவலாளி. கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் முன்னாள் படைவீரராக இருப்பார். இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். பெரிய அதிகாரிதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். சமையல்காரராக இருந்தவர், லாரி ஓட்டியவர், ஒயர்லெஸ் பார்த்தவர், இவர்கள் பேசினால்தான் பிள்ளைகளுக்கு வாசம் பிடிபடும். ஒரு வருடம் வந்த ஹவில்தார் தாத்தா, பனிமலையில் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதை இருபது நிமிடம் சொன்னார். அந்த வருடப் படங்களில் குக்கர்தான் அதிகம்.

அவரோடு முன்கூட்டியே ஒரு டீ குடித்துப் பேசிவிடுங்கள். பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்: "தாத்தா, நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?" முதல் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அதைக் கேட்ட குழந்தையைத் திட்டாதீர்கள். பதிலை அவரே முடிவு செய்யட்டும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் "அடுத்த கேள்வி" என்று நாம் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் சில கேள்விகளைப் பழக்கிவிடுங்கள். வீட்டிலிருந்து கடிதம் வர எத்தனை நாள் ஆகும்? தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்? பயமாக இருக்கும்போது என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு அந்த ஹவில்தார் தாத்தா "பாட்டு பாடினேன்" என்றார்.

மாமா, தாத்தா என்று கூப்பிடட்டும். 'சீஃப் கெஸ்ட் அவர்களே' எல்லாம் வேண்டாம். கைத்தட்டலுக்குப் பதிலாக எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வது அழகாக இருக்கும். போகும்போது ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.

5. நேரில் பார்க்க வேண்டிய இடங்கள்

கோட்டைக்கும் நேப்பியர் பாலத்துக்கும் நடுவே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பிள்ளைகள் பஸ்ஸில் நூறு தடவை கடந்திருப்பார்கள், அது என்னவென்று கேட்டிருக்க மாட்டார்கள். முதல் உலகப் போருக்காகக் கட்டியது. பிற்பாடு இரண்டாம் உலகப் போரிலும், சுதந்திரத்துக்குப் பிந்தைய போர்களிலும் இறந்தவர்களுக்குமான நினைவிடமானது. சாலையைக் கடப்பதுதான் ஆபத்து. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போங்கள், பத்துப் பேருக்கு ஒரு பெரியவர்.

நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1952-ல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். புல்வெளியில் வரிசை வரிசையாகக் கற்கள், எல்லாம் ஒரே உயரம். பதவி பார்த்துப் பெரிசு சிறிசு கிடையாது. நான்கு, ஐந்தாம் வகுப்பை மட்டும் கூட்டிப் போங்கள். ஒவ்வொருவரும் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதில் இருக்கும் பெயரையும் வயதையும் நோட்டில் எழுதட்டும். "மிஸ், என் அண்ணன் வயசு" என்று ஒரு பையன் மெதுவாகச் சொன்னான். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றுமில்லை.

உயர் நீதிமன்ற மதில் பக்கம் எம்டன் குண்டு விழுந்த இடத்துக்கு ஒரு கல்வெட்டு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் மதராஸ் மேல் குண்டு போட்டு, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. 'சரியான எம்டன்டா அவன்' என்று தாத்தா திட்டுவாரே, அது இந்தக் கப்பல்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

6. முதலில் கேட்டு வைக்க வேண்டியது

சுற்றறிக்கை அனுப்பும் முன் வகுப்பு ஆசிரியர்களிடம் ஒன்றைத் தனியாக விசாரியுங்கள்: யாருடைய அப்பா, அம்மா இப்போது படையில் இருக்கிறார்? யாராவது இழந்திருக்கிறார்களா? இழந்த வீடு என்றால் தாயிடம் தொலைபேசியில் பேசுங்கள், குரூப்பில் வேண்டாம். சில தாய்மார்கள் "என் பொண்ணு கண்டிப்பா கலந்துக்கட்டும்" என்பார்கள். சிலர் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார்கள். இரண்டும் சரிதான். எக்காரணம் கொண்டும் அந்தக் குழந்தையை மேடையேற்றி "இவருடைய தந்தை..." என்று ஆரம்பிக்காதீர்கள். அப்பா எல்லையில் இருக்கும் குழந்தைக்கும் இது பொருந்தும். ரத்தம் வரைந்த படத்தை அதன் பக்கத்து மேசையில் வைத்தால் அன்றைக்கு ராத்திரி அது தூங்காது. 'இந்தப் போட்டியில் காயம், ரத்தம் வரைவதில்லை' என்று விதிகளிலேயே எழுதிவிடுங்கள்.

7. போட்டி நாள்

வீட்டில் வரைந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஏன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். பள்ளியில், நம் கண்ணெதிரே. தாளை நாமே கொடுக்க வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கினால் மலிவு. நூறு பேருக்கு நூற்றிருபது தாள், இரண்டாம் தாள் கேட்டு அழுகிறவர்களுக்காக. கிரேயான் இல்லாத பிள்ளைகளுக்காக நான்கைந்து பெட்டி கூடுதலாக.

தாளின் பின்பக்கம் டோக்கன் எண் மட்டும். பெயர், வகுப்பு எல்லாம் தனி நோட்டில். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொல்லி, அன்று வந்த தாத்தாவை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரப்பர் வாங்கித் தரச் சொல்லி அழுவது, பாத்ரூம், தண்ணீர் பாட்டில் கவிழ்வது எல்லாம் வழக்கம்போல.

8. நடுவர்கள்

மூன்று பேர் போதும்: ஓவிய ஆசிரியர் ஒருவர், மொழி ஆசிரியர் ஒருவர், வெளியிலிருந்து ஒரு முன்னாள் படைவீரர். மூன்றாமவர் மதிப்பெண் போடுவதில் தாராளப் பிரபுவாக இருப்பார், பரவாயில்லை. இருபது மதிப்பெண்ணில் எட்டு சொந்த யோசனைக்கு, ஆறு சொல்ல வந்தது புரிகிறதா என்பதற்கு, நான்கு முழுமைக்கு, இரண்டு சுத்தத்துக்கு. 'ஜெய்ஹிந்த்' என்று கொட்டை எழுத்தில் எழுதியதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. கொடியில் சக்கரத்துக்கு 24 ஆரம் இருக்கிறதா என்று எண்ணும் நடுவர் ஒருவர் எப்போதும் வந்து சேர்வார். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு எண்ணட்டும், ஒன்றாம் வகுப்பை விட்டுவிடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தையைக் கூப்பிட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். அது பேசுகிற பேச்சில் எல்லாம் தெரிந்துவிடும்.

9. பரிசு, அதற்கு அப்புறம்

கோப்பை வேண்டாம், வீட்டில் தூசிதான் படியும். கிரேயான் செட்டோ கதைப் புத்தகமோ கொடுங்கள். எல்லோருக்கும் பங்கேற்புச் சான்றிதழ். நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். கொடிநாளில் நிதி திரட்ட நினைத்தால், மாவட்ட நிர்வாகம் வழியாக வரும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலக் கொடிகளை வாங்கி, ரசீதோடு செலுத்துங்கள். தனியாக உண்டியல் வைத்தால் கணக்கு கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

கடிதங்களையும் வாழ்த்து அட்டைகளையும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகக் கொடுத்து அனுப்பலாம். குழந்தையின் முதல் பெயர், வகுப்பு மட்டும் இருக்கட்டும். வீட்டு முகவரியும் போன் நம்பரும் வேண்டாம். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் வகுப்பு முதல் உள்ள நல்ல படைப்புகளை 'வீர் காதா' போட்டிக்கும் அனுப்பலாம். பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 2021 முதல் நடத்துவது. வீர விருது பெற்றவர்களைப் பற்றிய படம், கவிதை, கட்டுரைகளைப் பள்ளியே தேர்ந்தெடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அந்த வருட அறிவிப்பை ஒரு தடவை வாசித்துவிட்டு உங்கள் தலைப்பை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

படங்களை ஒரு வாரம் தாழ்வாரத்தில், குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள், நம் கண் மட்டத்தில் இல்லை. கழற்றும்போது செல்லோடேப் படத்தையும் கிழித்துக்கொண்டு வரும், அதனால் நான்கு மூலையிலும் கிளிப் போதும். வந்த தாத்தாவுக்கு ஒரு நாள் தனியாகச் சொல்லியனுப்பி, கூட்டம் இல்லாத நேரத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஹவில்தார் தாத்தா ஒவ்வொரு குக்கர் படத்தின் முன்னாலும் நின்று பார்த்தார், அப்புறம் "ஆறு விசில் வைக்கணும், இதுல மூணுதான் போட்டிருக்கான்" என்றார்.